மூச்சடக்கி இறங்குபவனும் குழாய் கடித்து இறங்குபவனும்

எங்கள் பக்கம், தூத்துக்குடியில், சங்கு குளிப்பவர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். ஏறத்தாழ ஆறு அடி. மாமாவிடம் நான் மூச்சடக்கி முங்கக் கற்றது நான்கைந்து பாகத்தில். போய்வர ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். அதில் தரையில் கிடைப்பது அரை நிமிடம்தான்.

அந்த அரை நிமிடத்தில் சிங்கி இறாலைப் பிடிப்பது எளிதன்று. பகலில் அது பாறைப் பொந்துக்குள் ஒடுங்கி, மீசைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீசையைப் பற்றி இழுப்பவன் கையில் மீசைதான் மிஞ்சும். அது வாலை மடித்தடித்துப் பின்னோக்கிப் பாயும் என்பதால், ஒரு கையை முன்னால் காட்டி அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு, மறு கையால் முதுகோட்டைப் பாறையோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஓடெல்லாம் முள், கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும். எனக்கு மூன்று முறை முங்கினால் இரண்டு முறை வெறுங்கைதான்.

மச்சான் கம்ப்ரசர் படகில் போகிறவன். படகில் ஓடும் எஞ்சின் குழாய் வழியே காற்றைக் கீழே அனுப்பும், அதைக் கடித்து மூச்சிழுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன், மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வெளியே, கடலடிப் பாறைத்திட்டான ஒரு பாரில் இருவரும் சேர்ந்து இறங்கினோம். நான் மூச்சடக்கி, அவன் குழாயைக் கடித்துக்கொண்டு. ஆழமான பொந்தொன்றில் கையை விட்டுத் துழாவியபோது எனக்கு மூச்சு முட்டியது. அவன் குழாயை என்னிடம் நீட்டினான். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பழகிய பழக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு மேலே கிளம்பினேன். அவன் என் காலைப் பிடித்து இழுத்து, வயிற்றில் ஓங்கிக் குத்தினான். காற்றெல்லாம் குமிழியாக வெளியேறியது.

ஏன் குத்தினான் என்பது கரையேறிய பிறகுதான் விளங்கியது. ஐந்து பாகத்தில் அழுத்தம், மேலே இருப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலே இழுத்த மூச்சு அங்கே பாதியாகச் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும்; அதனால் மூச்சடக்கியவன் வாயை மூடிக்கொண்டு ஏறலாம். கீழே குழாயில் இழுத்த காற்றோ ஏற ஏற இரு மடங்காக விரிந்து, வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரலைக் கிழித்து, இரத்தத்தில் கலந்து மூளை வரை போய்விடும். ஒரு முறையில் உயிரைக் காக்கும் பழக்கம் மற்றதில் உயிரை வாங்குகிறது.

மூச்சடக்குவதிலும் ஆபத்து உண்டு. இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடக்கூடாது என்று மாமா திட்டிக்கொண்டே இருப்பார். அப்படிச் செய்வதால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமிலவாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற தவிப்புத்தான் தள்ளிப்போகிறது. கீழே தெம்பாக இருந்தவன், மேலே வரும் கடைசிச் சில மீட்டரில் அழுத்தம் குறையும்போது சத்தமின்றி மயங்கிப்போவான். அந்நேரம் படகில் ஒருவர் கண்வைத்திருக்க வேண்டும்.

கம்ப்ரசர்காரர்களுக்கு ஆபத்து கரைக்கே வந்து சேர்கிறது. மணிக்கணக்கில் கீழே கிடப்பதால் உடலில் கரைந்த நைட்ரஜன், அவசரமாக ஏறும்போது குமிழியாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. காற்று திசை மாறினால் எஞ்சின் புகையும் குழாய்க்குள் போகும். மச்சானுக்கு இடது தோள் இப்போதும் முழுதாக உயராது.

சிங்கிக்கும் இதில் பங்குண்டு. மூச்சடக்குபவனுக்கு எட்டாத பொந்துகள் அதற்கு மிச்சமிருந்தன. குழாய் வந்தபின் அவையும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பொழுதுபோக்காகச் சிங்கி பிடிப்பவர்கள் காற்றுக்கலனோடு இறங்கக்கூடாது என்பது விதி. இங்கே 2003இல் வந்த ஏற்றுமதி விதி குறைந்தபட்ச எடையை மட்டும் வகைக்கு வகை வரையறுத்தது. எங்கள் பக்கம் அதிகம் கிடைக்கும் வகைக்கு 200 கிராம்.

அன்று நான் விட்டுவந்த பொந்துக்கு மறுநாள் மச்சான் குழாயோடு போய், சிங்கியைப் பிடித்துவந்தான். வாலுக்கடியில் கொத்துக் கொத்தாகச் சினை. கரையில் வாங்கிய வியாபாரி அதைத் தராசில் வைத்து, முள் 200ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தார். தாண்டியது.