அரம் தொடாத பாகம்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனிடம் எந்தக் கார் பிடிக்கும் என்று கேட்பவர்கள், ஏதாவது ஜப்பான் காரைத்தான் சொல்வான் என்று நினைப்பார்கள். நான் அமெரிக்கக் காரான காடிலாக் என்கிறேன். ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஒரே ஒருமுறை தொட்டிருக்கிறேன்.

1978இல் எனக்குப் பத்து வயது. காலிமுகத்திடலுக்கு அருகே 1959ஆம் ஆண்டுக் காடிலாக் ஒன்று நின்றது. பின்புறத்தில் சுறாவின் செட்டை போல இரண்டு வால்கள், ஒவ்வொன்றிலும் துப்பாக்கிக் குண்டு வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள். நான் அந்த வாலைவிட்டு நகரவில்லை. லேத் வேலைக்காரரான அப்பா வாலைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கதவின் ஓர இடைவெளியில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். "எங்கேயும் தடுக்கவில்லை, மகன்" என்றார்.

அவர் எதைத் தேடினார் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. 1902இல் காடிலாக்கை உருவாக்கிய ஹென்றி லீலண்ட், ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். அந்தக் காலத்தில் காரின் பாகங்களை ஒவ்வொன்றாக அராவித்தான் பொருத்துவார்கள். லீலண்ட் அதை ஏற்கவில்லை. 1908இல் இங்கிலாந்தின் ரோயல் ஓட்டோமொபைல் கிளப், மூன்று ஒற்றைச் சிலிண்டர் காடிலாக்குகளைப் புரூக்லண்ட்ஸில் கழற்றிப்போட்டது. காருக்கு 721 வீதம் 2,163 பாகங்கள், ஒரே குவியல். அவற்றில் 89ஐ ஒதுக்கிவிட்டு, விற்பனையாளரின் கையிருப்பிலிருந்து புதியவற்றைக் கொடுத்தார்கள். மெக்கானிக்குகளின் கையில் ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே. அரம் இல்லை. வெவ்வேறு நிறத் துண்டுகளோடு எழுந்து நின்ற அந்த மூன்று கார்களும் 500 மைல் ஓடின. அதற்கு அந்தக் கிளப் கொடுத்த டூவார் கிண்ணம் என்ற பரிசை அதுவரை எந்த அமெரிக்கக் கம்பனியும் வென்றதில்லை.

கையிருப்பிலிருந்து எடுத்த பாகம் அரமில்லாமல் அப்படியே பொருந்த வேண்டும். என் கடையின் பிழைப்பே அந்த 89 பாகங்களின் மேல்தான் நிற்கிறது.

மின்சார ஸ்டார்ட்டரும் 1912ஆம் ஆண்டுக் காடிலாக்கில் வந்ததுதான். அதுவரை காருக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். இதைத் தீர்த்த சார்ல்ஸ் கெற்றரிங், முன்பு கடைக் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் செய்தவர். கல்லாவைத் திறக்க மோட்டார் ஒரு கணம் உழைத்தால் போதும். எஞ்சினைக் கிளப்பவும் அப்படித்தான், ஆகவே சிறிய மோட்டாரே தாங்கும் என்று கண்டுகொண்டார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் டைனமோவாக மாறி பற்றரிக்கு மின்னேற்றியது. எத்தனை அழகான யோசனை!

காடிலாக்கின் எட்டுச் சிலிண்டர் வி-8 எஞ்சின் 1914இல் வந்தது, கியர் கடகடக்காமல் விழச்செய்யும் சிங்குரோமெஷ் 1928இல். 1930இன் பதினாறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி நண்பர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

சென்ற மாதம் கடைக்கு வந்த வாட்டர் பம்ப் ஒன்றில் போல்ட் துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. "அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரி, அண்ணை" என்றார் மெக்கானிக். நான் வாடிக்கையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதோடு வந்த மற்றப் பதினொரு பம்புகளையும் அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டேன்.