சிங்கப்பூர் பூமலையில் ஒரு ரப்பர் மரத்தின் முன்

சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவுக்கு மலர்களைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் செல்கிறார்கள். நான் சென்றது ரப்பர் மரத்தைப் பார்க்க. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களின் வரலாறு இந்தப் பூங்காவின் வரலாற்றோடு பிணைந்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் தொடங்கிய முதல் தோட்டம் பணமின்றி 1829-இல் மூடப்பட்டது. இப்போதுள்ள பூங்காவை 1859-இல் தங்ளின் என்ற பகுதியில் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் உருவாக்கியது. சங்கத்தால் செலவைத் தாங்க முடியாமற்போகவே, 1874-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. உலாவுவதற்கான சோலையாக இருந்த இடம் பயிர்களைச் சோதித்துப் பார்க்கும் களமாக மாறியது அதன் பிறகுதான்.

பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் கொண்டுசென்ற சுமார் 70,000 ரப்பர் விதைகளில் மிகச் சிலவே லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888-இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்திப் பாலெடுத்தால் அது விரைவில் பட்டுப்போகும் என்பதை உணர்ந்து, பட்டையில் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு, அதே வெட்டின் விளிம்பை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தந்தது. காப்பியை நம்பியிருந்த தோட்ட முதலாளிகள் முதலில் அவரைப் பித்தர் என்றே எண்ணினார்கள். காப்பி விலை சரிந்து, மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டபோது அவர்களே விதைக்காக இங்கே வந்தார்கள். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து வந்தது.

மூன்று மூன்றாக விரியும் இலைகளும் சாம்பல் நிறப் பட்டையும் கொண்ட அந்த மரத்தின் அருகே நான் நெடுநேரம் நின்றேன். ரிட்லி செய்தது பெரிய அறிவியல் பணி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விடியும் முன்னே எழுந்து, அவர் வகுத்த முறையில் நாள்தோறும் பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதியினர் கங்காணிகள் எனப்பட்ட ஆள்சேர்ப்பவர்களால் திரட்டப்பட்ட தமிழர்கள் என்பதையும், தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் அவர்களுடைய தலைமுறைகள் கழிந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மரத்தின் கதை முழுமையாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியர் ஆட்சியின் சுவடும் இங்கே உண்டு. படிக்கட்டு ஒன்றின் செங்கற்கள் சிலவற்றில் அம்புக்குறிகள் பதிந்திருக்கின்றன. அந்தச் செங்கற்களைச் செய்து குறிகளைப் பதித்தவர்கள் ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். குனிந்து பார்த்தால்தான் தெரியும், ஆகவே அவசரப்பட வேண்டாம்.

சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்க்கிட்டை 1893-இல் ஆய்வுலகுக்கு விவரித்தவரும் ரிட்லிதான். 1928-இல் அப்போதைய பூங்கா இயக்குநர் ஹோல்ட்டம் இங்கே தொடங்கிய ஆர்க்கிட் கலப்பினப் பணி இன்றும் நடக்கிறது. 1960-களில் நகரைப் பசுமையாக்கும் இயக்கத்துக்கு வேண்டிய செடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் இந்தப் பூங்கா வழங்கியது. யுனெஸ்கோ 2015-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தனை பெருமைக்குப் பிறகும் இது மக்களின் இடமாகவே இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதிகாலை 5 மணிக்கே வாயில் திறந்துவிடுகிறது. நடைப்பயிற்சி செய்பவர்களும், தைச்சி என்ற சீன உடற்பயிற்சி பழகும் முதியவர்களும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்மார்களும் நள்ளிரவு வரை கட்டணமின்றி நுழையலாம். தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு உண்டு. ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் இடம்பெற்றுள்ள தெம்புசு மரம், பூங்கா பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்பது, தங்ளின் வாயில் பக்கத்துப் புல்வெளியில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் அங்கிருந்து தொடங்கி மழைக்காட்டுப் பகுதி வழியாக நடப்பது நல்லது.