பணகுடிக் கல்லாவில் ஒரு மாஸ்கோ காசு

போன வாரம் எங்கள் டீக்கடைக் கல்லாவில் பழைய ஐந்து ரூபாய் ஒன்று கிடந்தது. இப்போது புழங்குகிற மஞ்சள் காசு இல்லை. ஒன்பது கிராம் எடை, தடித்த விளிம்பு, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரிகிற வெள்ளைக் காசு. ஆண்டு 2000. அதற்குக் கீழே, எழுத்துகளைப் பின்னி வைத்தது போல ஒரு பொடிக் குறி. மாஸ்கோ நாணயச்சாலையின் குறி அது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

“ஏலே, இது கூடங்குளத்து ரஷ்யாக்காரன் கொண்டுவந்தது.”

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அணுஉலைக்காக வந்த ரஷ்யர்கள் எங்கள் ராதாபுரம் வட்டாரத்தில்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் மாஸ்கோவில் இருந்துகொண்டு ஒரு ரஷ்யர் இந்திய ஐந்து ரூபாயை வைத்து என்ன வாங்கியிருப்பார்? தொண்ணூறுகளின் கடைசியில் நாடு முழுக்கச் சில்லறைப் பஞ்சம். மீதிக் காசுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்த காலம். அப்பாவே கை கூசாமல் கொடுத்திருக்கிறார். நம் நாணயச்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் அரசாங்கம் வெளிநாடுகளில் காசு அடித்து வாங்கியது. அப்படிக் கப்பலேறி வந்து, எல்லாக் காசையும் போல வங்கி வழியாக இறங்கியதுதான் இதுவும். அப்பா கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

காசின் ஆண்டுக்குக் கீழே பார்க்கும் பழக்கம் எனக்குக் காற்றால் வந்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடிக்குள் புகுந்தால் பத்து ரூபாய் நோட்டு கையில் நிற்காது. வாடிக்கையாளர் நீட்டும் நோட்டைத் துரத்திக்கொண்டு சாலை வரை ஓடியிருக்கிறேன். அதனால் அந்த இரண்டு மாதமும் எங்கள் கடையில் நோட்டைவிடக் காசுக்குத்தான் மரியாதை. மத்தியான நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டு காசைப் பிரித்து அடுக்கும்போது குறிகள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வைரம் போன்ற சாய்சதுரம் மும்பை. சின்னப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. முதலில் எனக்கும் குழப்பம்தான். 1985 ஆம் ஆண்டு ஒரு ரூபாய் ஒன்றில் ஆங்கில ‘எச்’ எழுத்தைப் பார்த்து ஹைதராபாத் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அது பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் நாணயச்சாலை என்று தெரிந்தபோது அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

நான்கு டீ கிளாஸ்களை வரிசையாக வைத்துப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரக் கிளாஸ்தான் எப்போதும் முதலில் நிறையும். அதிலும் வங்கியிலிருந்து வாங்கி வந்த புதுச் சில்லறை என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு பை முழுக்க ஒரே ஆண்டு, ஒரே நட்சத்திரம். நாணயச்சாலை நம் ஊர் வங்கிக்கு நேரே அனுப்புவதில்லை. ரிசர்வ் வங்கியின் அலுவலகங்களுக்குப் போய், அங்கிருந்து வங்கிகளின் கருவூலப் பெட்டகங்களுக்குப் பிரிந்து, பிறகுதான் கிளைக்கு வருகிறது. இருக்கிற நான்கில் நமக்குப் பக்கம் ஹைதராபாத்தான். நிஜாம் காலத்தில் சைபாபாத்தில் 1903இல் வந்த நாணயச்சாலை, 1997இல் செர்லப்பள்ளிக்கு மாறியது. அங்கே அடித்த காசு என் கல்லாவில் விழுவதில் ஆச்சரியம் இல்லை.

தெற்கே காசு அடிக்க ஆள் இல்லாமல் இருந்ததும் இல்லை. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது, நாணயச்சாலைதான் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே மூடிவிட்டார்கள். இங்கே கொற்கையில் பிள்ளையாரே அக்கசாலை விநாயகர். அக்கசாலை என்றால் காசு அடிக்கிற இடம். பாண்டியன் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அடித்து அங்கேயே புழக்கத்தில் விட்டிருப்பான், ரிசர்வ் வங்கிக்கு எழுதிப்போட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. நாம் இன்றும் சொல்கிற ‘துட்டு’ தூத்துக்குடியை ஆண்ட டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர் என்பார்கள். காசு போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

என்னைப் பிடித்து இழுத்தவை மற்ற மூன்று கிளாஸ்கள். நட்சத்திரத்தை வங்கி கொண்டுவருகிறது, மற்றவற்றை ஆட்கள் கொண்டுவருகிறார்கள். சித்திரை, வைகாசி வந்தால் சுற்றுக் கிராமங்களில் கோயில் கொடை. தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற சொந்தங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு சேர்த்து வந்து இறங்குவார்கள். கொடை முடிந்த மறுநாள் உண்டியலை எண்ணிவிட்டு, சில்லறையைச் சாக்கில் கட்டி எங்கள் கடைக்குக் கொண்டுவந்து நோட்டாக மாற்றிப் போவது வழக்கம். மஞ்சளும் திருநீறும் ஒட்டிய காசு. புளி போட்டுக் கழுவினால்தான் குறி தெரியும். கழுவி வைத்தால் வைரக் கிளாஸ் அந்த ஒரு வாரத்தில் நட்சத்திரத்தை எட்டிப் பிடிக்கும். மாடசாமிக்கு மும்பையிலிருந்து வந்த துட்டு எங்கள் கடை டீத்தூளாகிவிடும்.

குறியில்லாத கொல்கத்தாக் காசு கூடங்குளத்துக் கட்டுமான வேலைக்கு வந்த ஒடிசா, வங்காளத் தம்பிகளோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேராக வருவார்கள். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பருப்பு வடை, தனித்தனியாகக் காசு. புள்ளிக் காசுக்கு லாரிதான் வழி. ஸ்ரீநகரில் புறப்படும் 44 ஆம் எண் நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் கன்னியாகுமரிக்குப் போகிறது. காற்றாலை இறக்கையை ஏற்றி வரும் நீள வண்டிகளில் வடக்கத்தி ஓட்டுநர்கள் நாள் கணக்கில் காத்துக் கிடப்பார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கொல்கத்தாக் கிளாஸில் கலப்படம் உண்டு. தேய்ந்துபோன காசில் புள்ளி முதலில் அழியும், அப்புறம் பார்த்தால் அதுவும் குறியில்லாத காசுதான். இருபது வருடம் கைமாறிய காசு எந்த ஊர்க் காசாகவும் இருக்கலாம். அதனால் பழையவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு, விளிம்பு தேயாத புதுக் காசை வைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

இப்போது கல்லாவின் பக்கத்தில் ஸ்கேன் அட்டை நிற்கிறது. ஹரியானா ஓட்டுநரும் ஒடிசாத் தம்பியும் போனை நீட்டுகிறார்கள், பெட்டி கூவுகிறது, என் கிளாஸில் ஒன்றும் விழுவதில்லை. இந்தச் சித்திரையில் கொடைப் பந்தலிலேயே அந்த அட்டையை ஒட்டியிருந்தார்கள். உண்டியல் சாக்கு பாதிதான் இருந்தது. வைரம் ஒரு கைப்பிடி. மூன்று மாதமாக அதே நட்சத்திரங்கள் கல்லாவிலிருந்து பால்காரரிடம் போய், அவரிடமிருந்து கல்லாவுக்கே திரும்புகின்றன. ஒன்றிரண்டைக் கீறலை வைத்தே அடையாளம் தெரிகிறது.

அதனால்தான் அந்த மாஸ்கோ காசைத் தனியாக, ஏலக்காய் டப்பாவில் போட்டு வைத்தேன். நேற்றுக் காலை பார்த்தால் டப்பாவில் ஏலக்காய் மட்டும் இருந்தது.

அப்பா பாலைக் காய்ச்சிக்கொண்டே சொன்னார்: “விடியக்காலம் ஒரு லாரிக்காரனுக்குக் கொடுக்கச் சில்லறை குறைந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.”

“வண்டி எந்தப் பக்கம் போனது?”

“வடக்கே.”