"அந்த மாதிரி இருக்கு" என்று சொல்பவர்கள்

மனநலப் பிரிவுக்கு முதன்முதலாக வருபவர்களில் பலர் நோயின் பெயரைச் சொல்வதில்லை. "நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்பார் ஒருவர். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாரையும் பார்க்கிற மாதிரி" என்பார் இன்னொருவர். அந்தக் கல் எப்போது அதிகம் கனக்கிறது, யார் பக்கத்தில் இருந்தால் குறைகிறது என்று கேட்டால், எங்கள் கேள்வித்தாளில் வராத விவரமெல்லாம் வரும்.

எல்லாவற்றையும் உவமையாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. "தலைக்குள்ள பூச்சி ஊருது" என்றால், "ஊர்ற மாதிரி இருக்கா, நிஜமாவே ஊருதா?" என்று கேட்டே ஆக வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் பெரும்பாலும் "மாதிரிதான்" என்பார். மனச்சிதைவில் இருப்பவருக்குப் பூச்சி நிஜமாகவே அங்கே இருக்கலாம். சிகிச்சையின் போக்கே அந்தப் பதிலில் மாறும்.

"ரொம்பக் களைப்பா இருக்கு, ஒரேயடியாத் தூங்கிட்டாப் போதும்" என்று ஒருவர் சொல்லும்போது நாசூக்கு பார்க்கவே கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாராவது கேட்டார்களே என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தரப்பிலும் உவமைகள் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மாதிரி மூளையின் ரசாயனக் குறைவுக்கு இந்த மாத்திரை என்போம். கேட்டதும் வீட்டார் 'சோம்பேறி' என்று திட்டுவதை நிறுத்துவார்கள். அது பெரிய நன்மைதான். ஆனால் உயிரியல் காரணம் சொல்லும்போது பழி குறைவதோடு குணமாகும் நம்பிக்கையும் குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் இன்னொன்று வந்தது. மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது. அதைச் சொல்ல இந்தக் கதை தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

'போராடுங்கள்' என்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. நோய் திரும்ப வந்தால் "தோத்துட்டேன்" என்று தலைகுனிந்து வருகிறார்கள். மனச்சோர்வு பலருக்கும் திரும்ப வரக்கூடியது. அதில் தோல்வி எங்கே இருக்கிறது?

அதனால் தன் நிலையை அவர் எப்படிச் சொல்கிறாரோ, அந்தச் சொல்லையே நானும் பேச்சில் பயன்படுத்துகிறேன். குறிப்பிலும் அவர் வார்த்தையிலேயே எழுதிவைக்கிறேன். அடுத்து பார்க்கும் மருத்துவர் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.