பழைய டிவிடி ரைட்டரிலிருந்து சிவப்பு லேசர் டயோடு: செய்து பார்த்த குறிப்புகள்

டிரைவைப் பார்த்து வாங்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முகப்பில் டிவிடி-ரோம் என்று மட்டும் எழுதியிருந்தால் வேண்டாம். அது படிக்க மட்டுமே. அதன் சிவப்பு டயோடு சில மில்லிவாட்தான் தரும். தேவைப்படுவது மேசைக் கணினியின் முழு அளவு டிவிடி ரைட்டர், 16 மடங்கு வேகம் அல்லது அதற்கு மேல். மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் இருக்கும் டயோடு பெரும்பாலும் 5.6 மில்லிமீட்டர் டயோடுக்கான ஹவுசிங்கில் (டயோடையும் லென்ஸையும் தாங்கும் உலோகக் குழாய்) உட்காராது. தட்டு வெளியே வராத ரைட்டர் என்றால் தாராளமாக எடுக்கலாம். பெரும்பாலும் பெல்ட் போயிருக்கும், டயோடுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மற்ற உதிரிகளுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பக்கம் ஒரு நடை போனால் போதும்.

அடியிலுள்ள நான்கு திருகுகளைக் கழற்றினால் டயோடு இருக்கும் லென்ஸ் வண்டி இரண்டு தண்டுகளின் மேல் நிற்பது தெரியும். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். இந்த டயோடுகள் சூட்டில் சாவதைவிட நிலைமின்சாரத்தில் சாவதுதான் அதிகம். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஏர்கோன் போட்ட அறையில் காற்று உலர்ந்துவிடும், அந்தக் கணக்கு அங்கே செல்லாது. பிளெக்ஸ் கேபிளிலிருந்து டயோடைப் பிரிக்கும் முன்பே, ஒயரிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை மூன்று கால்களையும் சேர்த்துச் சுற்றிவிட வேண்டும். பிறகுதான் ஈயத்தை இளக்குவது, ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் போகாமல். காலைப் பிடித்து இழுக்கவே கூடாது. பசையைக் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, சுற்றியுள்ள வார்ப்பு உலோகத்தைக் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தால் அது உடைந்து வழிவிடும்.

பல ரைட்டர்களில் இரண்டு டயோடுகள் இருக்கும்: டிவிடிக்கு 650–660 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. பிரித்தறிய 5 வோல்ட்டில் 150 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஏறத்தாழ 20 மில்லியம்பியர் விட்டால் போதும். சோதனைக்கு மட்டும் செம்புக் கம்பியைக் கழற்றி, முடிந்ததும் மறுபடி சுற்றிவிட வேண்டும். சிவப்பு பளிச்சென்று தெரியும், மற்றது மங்கலாக முனகும். பின்னோக்கிய மின்னழுத்தத்தை இவை 2 வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும். அதனால் சோதனையின்போதே டயோடின் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4001 (சாதாரண ரெக்டிஃபையர் டயோடு) இணைத்துவிடுங்கள், பிறகும் அது அங்கேயே இருக்கட்டும். அகச்சிவப்பை ஒதுக்கிவிடுவதே என் முடிவு. கண்ணுக்குத் தெரியாத கற்றைக்குக் கண் இமைக்கவும் செய்யாது.

டிரைவர் சர்க்யூட்டுக்கு எல்எம்317 (மூன்று கால் ரெகுலேட்டர் ஐசி) போதும். வெளியீட்டுக் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே ரெசிஸ்டர். அட்ஜஸ்ட் காலிலிருந்து டயோடு, அதன் குறுக்கே ஒரு 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 1.25-ஐ ஓமால் வகுத்தால் ஆம்பியர். 10 ஓம் என்றால் 125 மில்லியம்பியர், 6.8 ஓம் என்றால் 184. கால் வாட் ரெசிஸ்டர் இங்கே கொதிக்கும், 1 வாட் போடுங்கள். 5 வோல்ட் போன் சார்ஜர் எட்டாது: டயோடுக்கு 2.5 வோல்ட், ரெசிஸ்டரில் 1.25, ஐசி தனக்கென்று பிடித்துக்கொள்வது 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தொடராக இரண்டு 18650 லித்தியம் பேட்டரிகள் சரியாக வரும். ஐசியின் உலோக முதுகு வெளியீட்டுக் காலோடு சேர்ந்தது. சில டயோடுகளில் கூடு நேர்மின் காலோடு இணைந்திருக்கும். அப்போது முதுகு ஹவுசிங்கில் பட்டால் ரெசிஸ்டர் ஷார்ட் ஆகிவிடும், கரண்டைக் கட்டுப்படுத்த ஒன்றுமே இருக்காது. இடையில் மைக்கா தாள் வைப்பது கட்டாயம்.

முதலில் டயோடுக்குப் பதிலாகப் பொய்ச் சுமையில் ஓட்டிப் பாருங்கள்: நான்கு 1என்4001 தொடராக, கூடவே 1 ஓம். அந்த 1 ஓமின் குறுக்கே 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 மில்லியம்பியர். கரண்ட் நிலையாக நின்ற பிறகு பேட்டரியைக் கழற்றி, வெளியீட்டிலுள்ள 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் இரு கால்களையும் தொட வைத்து வடித்துவிட வேண்டும். இந்த ஒரு படியை விட்டவர்கள்தான் நல்ல டயோடைப் பறிகொடுக்கிறார்கள். சுமையில்லாமல் நிரம்பி நிற்கும் கெப்பாசிட்டர், டயோடு பட்ட கணமே முழுவதையும் அதில் கொட்டிவிடும். டயோடைப் பற்றவைத்த பிறகே காலில் சுற்றிய செம்புக் கம்பியை எடுப்பது.

எரிய விடும் முன் 650–660 நானோமீட்டருக்கு ஒளியடர்த்தி (ஓடி) 4 அல்லது மேல் என்று குறிக்கப்பட்ட, அதாவது ஒளியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவாவது குறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். 100 மில்லிவாட் தாண்டும் இது 3பி வகுப்பு லேசர் (5 முதல் 500 மில்லிவாட் வரை). இமைப்பது காப்பாற்றாது, பளபளக்கும் ஸ்குரூ டிரைவரில் பட்டுத் திரும்பினாலும் விழித்திரை போய்விடும்.

வெளிவிட்டம் 12 மில்லிமீட்டர் உள்ள ஹவுசிங்கில் டயோடை அழுத்திப் பொருத்தி, 10 ஓமில் தொடங்கினோம். கற்றையைப் பளபளப்பில்லாத அட்டையில் விழவிட்டால் மணல் தூவியது போல ஒளிப் புள்ளிகள் மினுங்க வேண்டும், அதுதான் லேசர். புள்ளியே இல்லாமல் மழமழவென்று சிவப்பு மட்டும் பரவினால் டயோடு செத்து வெறும் எல்இடி ஆகிவிட்டது, கரண்டைக் கூட்டிப் பயனில்லை. 6.8 ஓமுக்கு மாற்றி லென்ஸைத் திருகிக் குவித்ததும் கறுப்புத் தாளில் கோடு விழுகிறது. வெள்ளைத் தாளில் ஒன்றும் நடக்காது, அது ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்து அதே டிரைவின் ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 20 ஸ்டெப், திருகுத் தண்டின் புரி 3 மில்லிமீட்டர், ஆக ஒரு ஸ்டெப்புக்கு 0.15 மில்லிமீட்டர். இரண்டு டிரைவின் தண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் வரையலாம். மிஞ்சும் போர்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். மலேசியாவில் அவை எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவுப் பட்டியலில் வருபவை, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.