தாத்தா லாயரா, லாயர் ஆபீஸ் கிராணியா?

வீணாய்ப் போன பயணத்திலிருந்தே தொடங்குகிறேன். "கொள்ளுத்தாத்தா பினாங்கில் லாயர்" என்ற ஒற்றை வரியை நம்பி, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ் ஏறி, ஓர் அலுவலகக் கவுண்டரில் 1920களின் வழக்கறிஞர் பட்டியலைக் கேட்டாயிற்று. கிராணி, அதாவது குமாஸ்தா, கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "பெயர் இல்லை, பினாங்கில் கேளுங்கள்" என்றார். பினாங்கிலோ, "பழசெல்லாம் கே.எல்.லில்தான்" என்றார்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வியே தப்பு என்பது பிறகுதான் புரிந்தது.

1946 ஏப்ரல் 1 வரைக்கும் பினாங்கும் கோலாலம்பூரும் ஒரே நாடு இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் காலனி. சிலாங்கூர், பேரா, நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டு மலாய் மாநிலங்கள். கெடா இரண்டிலும் சேராது. கோர்ட் தனி, கெஜட் (அரசிதழ்) தனி, வக்கீலாகப் பதிவு செய்வதும் தனித்தனி. பினாங்கில் தொழில் செய்தவர் பேராவின் ஈப்போவில் ஆபீஸ் திறந்திருந்தால் அங்கேயும் மனுப் போட்டிருப்பார். ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருக்கலாம். பட்டர்வொர்த் என்றால் பினாங்குப் பக்கம் தேடுங்கள், சுங்கை பட்டாணி என்றால் கெடா. இந்த ஒன்று முன்பே தெரிந்திருந்தால் பஸ் காசு மிச்சம்.

அடுத்த குழி, 'லாயர்' என்ற சொல். நம் வீடுகளில் கோர்ட் பக்கம் போய் வந்த எல்லாருமே லாயர்தான்! உண்மையில் அவர் லாயர் ஆபீஸ் கிராணியாக இருக்கலாம், கோர்ட் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருக்கலாம், மனு எழுதுபவராக இருக்கலாம், பிரமாணப் பத்திரங்களுக்குச் சான்று தரும் சத்தியப் பிரமாண ஆணையராகக்கூட இருக்கலாம். இதில் குறைவு ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையே சிங்கப்பூரில் வழக்கறிஞர் டேவிட்சனின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; 1875இல் டேவிட்சன் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்தபோது கூடவே வந்தவர். தேடுகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு வேலையும் ஒவ்வோர் இடத்தில் தடயம் விடும். துபாசி அரசாங்க ஊழியர். ஆண்டுதோறும் வந்த புளூ புக் என்ற அரசாங்க அறிக்கையில், பதவி நியமன நாள், சம்பளத்தோடு தேடலாம். சத்தியப் பிரமாண ஆணையர் நியமனம் கெஜட்டில் வரும். தனியார் லாயரின் கிராணிக்கு அரசாங்கத்தில் எதுவுமே இருக்காது. அவருக்குப் பழைய டைரக்டரிதான் கதி: சிங்கப்பூர், மலாயா டைரக்டரிகளில் ஒவ்வொரு நிறுவனத்தின் கீழும் பங்குதாரர்கள், உதவியாளர்கள், சில வேளை தலைமைக் கிராணி பெயர் வரை அச்சாகியிருக்கும். டைரக்டரி ஓராண்டு பின்தங்கியே பேசும். 1926ஆம் ஆண்டுப் பிரதியில் இருந்தால் 1925இல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாயர்தான் என்று உறுதியானால் பத்திரிகை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். பிள்ளை என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல். போதாக்குறைக்கு மங்கிய அச்சை இயந்திரம் படிக்கும்போது 'எல்' 'ஐ' ஆகிவிடும். பெயரை விட்டுவிட்டு 'லோக்கல் பார்', 'அட்மிட்டட்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டு, ஆண்டைக் குறுக்கித் தேடுங்கள். பதிவுச் செய்திக்கு ஒரு வார்ப்பு உண்டு: யார் முன்மொழிந்தார், எந்த நீதிபதி, சில நேரம் எந்தப் பள்ளி, லண்டனில் எந்த இன் (பாரிஸ்டர் பட்டம் தரும் வழக்கறிஞர் சங்கம்). அந்த நாலு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வழக்குச் செய்திகளில் பெரும்பாலும் கடைசிப் பெயர் மட்டுமே வரும், அதை மட்டும் வைத்து ஆளை உறுதிப்படுத்தாதீர்கள்.

லண்டன் பக்கம் எளிது. நான்கு இன்களும் சேர்க்கைப் பதிவு வைத்திருக்கின்றன. தகப்பனார் பெயரும் தொழிலும் பெரும்பாலும் இருக்கும். சேர்ந்த நாள் வேறு, பாரிஸ்டரான நாள் வேறு. சேர்ந்துவிட்டு முடிக்காமல் திரும்பியவர்கள் நிறைய. நம் ஆள் தகப்பன் பெயரின் கீழ் பட்டியலிடப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாரா, கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில், அதாவது பழைய ஜாலான் டூத்தாவில். வெறுங்கையோடு போய் "தாத்தாவைத் தேடுகிறேன்" என்று நிற்காதீர்கள். ஆன்லைன் பட்டியலில் கோப்பைத் தேடி, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஐசியும் (அடையாள அட்டையும்) பென்சிலும் எடுத்துப் போங்கள். பேனாவைப் பையிலேயே விடுங்கள். காலனிய காலக் கோப்புகளின் தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கும்; அன்றைய கிராணி எழுதிய எழுத்துக்கூட்டலே அதில் இருக்கும். 1867க்குப் பிந்திய ஸ்ட்ரெய்ட்ஸ் கெஜட்டுகள் லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், காலனி அலுவலகத்தின் சிஓ 276 வரிசையில், கடிதப் போக்குவரத்து சிஓ 273இல். 1867க்கு முந்தையது கிழக்கிந்தியக் கம்பெனி, அதன் பின் இந்திய அரசாங்கத்தின் கணக்கு. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு விடை கிடைத்தது வீட்டு இரும்புப் பெட்டியில். பினாங்கில் 1966க்கு முன் நிலம் கைமாறியது பத்திர முறையில். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து, அதன் கீழே சாட்சியின் தொழில். பெரும்பாலோர் முதல் பக்கத்தை மட்டும் நகல் எடுக்கிறார்கள், நாங்களும் அதைத்தான் செய்திருந்தோம். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், கொள்ளுத்தாத்தாவின் அழகான கையெழுத்து, கீழே 'சாலிசிட்டர்ஸ் கிளார்க், பினாங்கு'. பெரியத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "கிளார்க்குன்னா சின்ன லாயர்தானே" என்கிறார்.

பெட்டியில் 2603 என்று ஆண்டு போட்ட தாள் ஏதாவது கிடைத்தால் அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பான்காரன் காலத்துக் கணக்கு அது, நமக்கு 1943.