கத்தி பிடிக்கிற கைக்கு வாய் இருக்கக் கூடாதா?

நேற்று டியூட்டி ரூமில் சீனியர் ஒருவர் சொன்னார்: "நாம சர்ஜன்ப்பா. ஆபரேஷன் பண்ணோமா, டிஸ்சார்ஜ் எழுதினோமானு இருக்கணும். சமூக நீதியெல்லாம் நமக்கெதுக்கு?" எங்கள் துறையில் இப்படி நினைப்பவர்கள் நிறைய. எனக்கு ஜோசப் சக்ரான்தான் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்கர். 1994இல், 17 வயதில், தொண்டையில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார். குண்டடிபட்டு வருகிறவர்களைக் காப்பாற்றும் டிராமா சர்ஜன் ஆனார். 2018 நவம்பரில், துப்பாக்கிக்கு எதிராகப் பேசும் டாக்டர்கள் தங்கள் எல்லைக்குள் இருக்கட்டும் என்று அங்குள்ள துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்ஆர்ஏ ட்வீட் போட்டது. 'இதுதான் எங்கள் எல்லை' என்று சக்ரான் ஒரு ட்விட்டர் கணக்கையே தொடங்கினார். ரத்தம் ஊறிய உடுப்பு, ரத்தம் மிதித்த ஷூ என்று டாக்டர்கள் படம் படமாகப் போட்டார்கள். அதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்?

போன வாரம் சித்தாள் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்குக் காலை எடுத்தேன். சர்க்கரைப் புண். கட்டுத்துணியில் சிமெண்ட் இறுகிப் போயிருந்தது. "லீவு போட்டா கூலி இல்ல சாமி" என்றார்.

நாளை அவருடைய நல வாரிய மனுவுக்கு நானே உட்கார்ந்து சான்று எழுதித் தருகிறேன், சார். அதுவும் என் டியூட்டிதான்.